கைப்பிடி அவர் பக்கம்

என் தங்கையைத் தற்காப்பு வகுப்பில் சேர்த்துவிட்டது நான்தான். அதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. அடி வாங்குகிறவளுக்கு அடியைத் தடுக்கக் கற்றுக்கொடுப்பதில் என்ன தப்பு? தப்பு நடந்தது அதற்கு அப்புறம், அதுவும் மரியாதை என்ற பெயரில்.

சின்னவள் என்றுதான் வீட்டில் அவளைக் கூப்பிடுவோம். கல்யாணத்துக்கு அப்புறம் அவள் முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தாள். வெயில் மண்டையைப் பிளக்கிற நாளிலும் முழுக்கைதான். கேட்டால் ஃபேஷன் என்பாள். ஒரு நாள் என் வீட்டில் பாத்திரம் கழுவும்போது தன்னை மறந்து கையை மடித்துவிட்டாள். முழங்கைக்கு மேலே நாலு விரல் தடம், கட்டைவிரல் தனியாக. நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு மீதிப் பாத்திரத்தையும் கழுவினாள்.

"இன்னைக்குக் கை. நாளைக்கு என்ன எடுப்பான்?" என்றேன்.

"கத்தியக் காட்டினாருக்கா. சும்மா, பயமுறுத்தத்தான்" என்றாள்.

நான் மெத்தை தைக்கிற பட்டறையில் வேலை பார்க்கிறேன். எதிர்ப்புறக் கட்டடத்தில் கீழே பல் டாக்டர், மேலே மாஸ்டரின் பயிற்சிக் கூடம். வாசலில் ஒரு பலகை தொங்கும்: 'கத்தியோடு நெருங்குபவரிடமிருந்து தப்புவது எப்படி? பெண்களுக்கு மட்டும்.' தினமும் டீ குடிக்கும்போது படிக்கிற பலகைதான். அன்றைக்கு மாடி ஏறினேன்.

மாஸ்டர் நல்ல மனிதர். குனிந்து வணக்கம் சொல்கிற ஆள். அவருக்கு ஒரு விதி இருந்தது.

"கல்யாணமானவங்க வீட்டுக்காரரோடதான் வரணும்மா."

"பெண்களுக்கு மட்டும்னு போட்டிருக்கீங்களே?"

"கத்துக்கிறது பெண்களுக்கு மட்டும். எதிர்ல கத்தி பிடிக்க ஒரு ஆம்பளை வேணுமில்ல? வேற ஆளு கை பட்டா வீட்ல இருந்து வந்து கேக்குறாங்க. போன தடவை ஒருத்தர் வந்து நாற்காலியெல்லாம் உடைச்சுட்டுப் போனாரு."

"பொம்பளைக்குப் பொம்பளையே பிடிச்சா ஆகாதா?"

"பயம் வராதும்மா. பயம் வந்தாத்தான் பாடம் ஏறும்."

"பயமே வீட்டுக்காரர்தான்னா?"

மாஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். நான் வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். அடுத்த வீட்டுக் கதவுக்குப் பின்னால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்க்கக்கூடத் தெரியாத நல்லவர்.

அவள் புருஷன் வரமாட்டான், சின்னவளைக் கல்யாணமாகாதவள் என்று சொல்லிச் சேர்த்துவிடலாம் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். முதல் நாள் முதல் ஆளாக வந்து நின்றது அவன்தான். புது ஷூ, நெற்றியில் ஒரு பட்டை, தோளில் துண்டு. "அண்ணி, நல்ல ஏற்பாடு பண்ணியிருக்கீங்க. இந்தக் காலத்துல பொம்பளைங்களுக்கு இது அவசியம்" என்றான். "ஆமா மாப்பிள்ளை" என்றேன்.

சின்னவளுக்குத் துணையாக நானும் சேர்ந்துகொண்டேன். எனக்கு வீட்டுக்காரர் இல்லை. போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. ஜோடி இல்லாதவளை என்ன செய்வது என்று மாஸ்டர் தலையைச் சொறிந்தார். நானே பட்டறையில் மீந்த தடிச் சாக்குத் துணியில் ஓர் ஆளைத் தைத்தேன். உள்ளே நார், வெளியே பஞ்சு, வலது கைக்குள் ஒரு மரக்கட்டை. கூடத்தின் தூணில் கட்டிவைத்தோம். கையில் ஒரு ரப்பர் கத்தியைச் செருகினால் என் எதிரி தயார். மற்ற பெண்கள் அவனை என் புது வீட்டுக்காரர் என்று கிண்டல் செய்தார்கள். "குடிக்க மாட்டார், எதிர்த்துப் பேச மாட்டார், காசு கேக்க மாட்டார். உங்களுக்கெல்லாம் வாய்ச்சதா?" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். சின்னவளும் சிரிப்பாள், அவன் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டு.

பாடம் ஒன்றும் மாயமந்திரம் இல்லை. ஓட முடிந்தால் ஓடு, அதில் வெட்கம் இல்லை என்பதுதான் மாஸ்டரின் முதல் வார்த்தை. ஓட இடமில்லாமல், எதிராளி கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டால் மட்டுமே மீதி. கத்தியைப் பார்த்துக்கொண்டு நிற்காதே, கத்தி பிடித்த கையைப் பார். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பு. இடது முன்கையால் அந்தக் கையை வெளியே தள்ளு, தள்ளிய வேகத்தில் மணிக்கட்டை இறுக்கிப் பிடி, பிடித்ததை விடாதே. மறு கையால் முகத்தில் ஒன்று வை. அவன் கவனம் அங்கே போகும்போது மணிக்கட்டைக் கட்டைவிரல் பக்கமாகத் திருப்பு. விரல்கள் தானாக விரியும், கத்தி உன் கைக்கு வரும்.

வந்த கத்தியை என்ன செய்வது? இங்கேதான் மாஸ்டரின் இரண்டாவது விதி. ரப்பர் கத்திகள் அவரிடம் கொஞ்சம்தான் இருந்தன. பெண்கள் பிடுங்கி வீசி எறிந்ததில் ஒன்று ஜன்னல் வழியே பறந்து, கீழே நின்ற பல் டாக்டரின் நோயாளி தலையில் விழுந்திருக்கிறது. அதிலிருந்து வீசக் கூடாது. பிடுங்கியவுடன் கத்தியைத் திருப்பி, கைப்பிடி எதிராளி பக்கம் இருக்கும்படி நீட்ட வேண்டும். எதிராளி உள்ளங்கையை விரித்து "கொடு" என்பார். கொடுத்துவிட்டு இருவரும் தலை குனிந்து, மறுபடியும் முதலிலிருந்து.

"ஆயுதத்துக்கு ஒரு மரியாதை இருக்கு. எதிராளிக்கும் ஒரு மரியாதை இருக்கு" என்பார் மாஸ்டர்.

கூடம் முழுக்க ஒரே சத்தம். தட், பட், கொடு. தட், பட், கொடு. என் சாக்குக்காரன் மட்டும் கொடு என்று கேட்கவில்லை. அவனிடம் பிடுங்கியதை நான் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சாவகாசமாகத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி செருகுவேன்.

சின்னவள் எதையும் சீக்கிரம் பிடித்துக்கொள்வாள். சின்ன வயதில் பம்பரம் விட்டாலும் அப்படித்தான். அவள் கை போன வேகத்தைப் பார்த்து மாஸ்டரே "அருமை" என்றார். முதல் மாதத்திலேயே அவனால் ஒரு தடவைகூடக் கத்தியைத் தக்கவைக்க முடியவில்லை. எனக்கு மனசு குளிர்ந்தது. இனிமேல் தொடட்டும் பார்க்கலாம் என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டேன்.

வகுப்பின் முடிவில் எங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு சான்றிதழ் கிடைத்தது. அவர்கள் இருவருக்கும் 'சிறந்த ஜோடி' என்று ஒரு கோப்பை வேறு. அவன்தான் வாங்கினான். அவளைத் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டான். அந்தப் படத்தில் அவள் கை, கோப்பையின் காதைப் பிடித்து அவன் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

வீட்டிலும் பயிற்சி செய்ய வேண்டும் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை கண்ணும் கருத்துமாகச் செய்தான். அவள் சமைக்கும்போது கரண்டியோடு வருவான். துணி மடிக்கும்போது சீப்போடு வருவான். குளித்துவிட்டுக் கதவைத் திறந்தால் டிவி ரிமோட்டோடு நிற்பான். அவள் பிடுங்கியாக வேண்டும். பிடுங்கியவுடன் உள்ளங்கையை விரிப்பான். "கொடு." கொடுக்கத் தாமதித்தால் கன்னத்தில் ஒன்று விழும். கைப்பிடி தப்பான பக்கம் இருந்தாலும் விழும். "பிடுங்கறது பெரிசில்ல. திருப்பிக் கொடுக்கிறதுலதான் ஒழுக்கம் இருக்கு. மாஸ்டர் சொன்னாரில்ல?" என்பானாம். மாமியார் சோபாவில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "ரெண்டும் சின்னப் புள்ளைங்க மாதிரி விளையாடுதுங்க" என்று பக்கத்து வீட்டில் பெருமை பேசியிருக்கிறாள்.

இதையெல்லாம் சின்னவள் என்னிடம் சொன்னது ஒரு சனிக்கிழமை. பட்டறைக்கே வந்து, தையல் மிஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சொன்னாள். அவள் கையில் என் கத்தரிக்கோல் இருந்தது. எதையோ வெட்ட வேண்டியிருந்ததால், "அதை இப்படிக் கொடு" என்றேன். கேட்ட வேகத்தில் அது என் உள்ளங்கையில் இருந்தது, கைப்பிடி என் பக்கம். அவளுடைய பேச்சு நடுவில் நிற்கவே இல்லை.

"என்னோட வந்துடு" என்றேன்.

"வரேன்க்கா. நாளைக்கு நீ வா. நீ கூட இருந்தா கிளம்பிடுவேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். மாமியார் கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னவள் பையைத் தயாராக வைத்திருந்தாள். சமையலறையில் அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனாள். அடுப்பு எரிந்தால் எரியட்டும் என்று நான் அவளை இழுத்துக்கொண்டு போயிருக்கலாம்தான். போகிற வீட்டையும் ஒழுங்காக வைத்துவிட்டுப் போக வேண்டும் அவளுக்கு. அவன் என்னைத் தாண்டிக்கொண்டு அவள் பின்னாலேயே போனான். நான் பையோடு சமையலறை வாசலுக்குப் போய் நின்றேன்.

அந்தச் சமையலறை ஒரு ஆள் குறுக்கே நின்றால் இன்னொரு ஆள் தாண்ட முடியாத அளவு. ஒரு பக்கம் அடுப்பு மேடை, மறுபக்கம் குளிர்சாதனப் பெட்டி, அவளுக்குப் பின்னால் சுவர். ஓட வழியில்லை.

"எங்க கிளம்பிட்ட?" என்றான்.

"அக்கா வீட்டுக்கு."

"யாரைக் கேட்டு?"

அவன் காய் நறுக்குகிற கத்தியை எடுத்தான். இந்தத் தடவை சும்மா பயமுறுத்த இல்லை என்பது அவன் தோளைப் பார்த்தாலே தெரிந்தது. பையைக் கீழே போட்டேன்.

சின்னவள் கத்தியைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள். அவன் குத்த வந்தபோது உடம்பு பக்கவாட்டில் திரும்பியது, முன்கை அவன் கையைத் தள்ளியது, மணிக்கட்டு அவள் பிடிக்குள் வந்தது. மூக்கில் ஒன்று வைத்தாள். திருப்பினாள். கத்தி அவள் கையில். அவன் மூக்கிலிருந்து ரத்தம் ஒழுக, வெறுங்கையோடு, அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றான். என் தங்கை நிமிர்ந்து நின்றாள். அவள் அப்படி நின்று நான் பார்த்து எத்தனையோ காலம் ஆகிறது. எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த இடத்தில் எனக்குச் சந்தோஷம்தான்.

அவன் உள்ளங்கையை விரித்தான்.

"கொடு."

அவள் கத்தியைத் திருப்பினாள். அலகைத் தன் விரல்களுக்குள் வைத்து, கைப்பிடியை அவன் பக்கம் நீட்டினாள். தலைகூடக் குனிந்தாள்.

அவனுக்கே அது எதிர்பாராததுதான். அவன் முகத்தில் ஒரு வியப்பு வந்து போனதை நான் பார்த்தேன். அந்த வியப்போடு அவன் நிறுத்தியிருக்கலாம். கைப்பிடியை வாங்கினான், விலாவுக்குக் கீழே குத்தினான். அவள் அடுத்த சுற்றுக்காகத் தலை நிமிர்ந்துகொண்டிருந்தாள்.

என் கத்தலில் மாமியார் ஓடிவந்தாள். வந்தவள் முதலில் மகனின் மூக்கைத்தான் பார்த்தாள்.

அவன் கெட்டிக்காரன். அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியது அவன், காரை ஓட்டியது அவன், ஆஸ்பத்திரியில் தலையில் அடித்துக்கொண்டு அழுததும் அவன்தான். "பயிற்சி பண்ணிட்டிருந்தோம் டாக்டர், கை தவறிடுச்சு" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னான். குடல் தப்பியது, அவள் பிழைத்தாள். தையல் போட்ட வயிற்றோடு படுத்திருந்தவளிடம், போலீசில் நடந்ததை நடந்தபடி சொல்வாயா என்று கேட்டேன். சொல்கிறேன் என்றாள். வீடு திரும்பினால் என் வீட்டுக்குத்தான் என்றாள். அவள் சொல்லும் வாக்குமூலத்தை வைத்துத்தான் அவன் உள்ளே போவதும், அவள் அந்த வீட்டுக்குத் திரும்பாமல் இருப்பதும். திரும்பினால் அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட மாட்டான் என்று எனக்குத் தெரியும்.

அவள் எழுந்து நடக்க ஆரம்பித்ததும் இன்ஸ்பெக்டர் எல்லோரையும் கூப்பிட்டார். சின்ன அறை, இரும்பு மேசை, நெருக்கியடித்து நாற்காலிகள். அவன், அவன் அம்மா, மாஸ்டர், நான், சின்னவள். மாஸ்டர் ஒரு ரப்பர் கத்தியும் கொண்டு வந்திருந்தார். சாட்சிக்குக் கூப்பிட்டார்கள் என்றதும் பாடம் நடத்தச் சொல்வார்கள் என்று நினைத்துவிட்டார் போல. அதை மேசைமேல் வைத்திருந்தார்.

"வீட்ல பயிற்சி பண்ணச் சொன்னது நீங்கதானா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"ஆமா சார். ஆனா நிஜக் கத்தியில இல்ல சார்."

"இவங்க தினமும் பண்ணுவாங்களா?"

"தினமும் பண்ணுவாங்க. என் கண்ணு முன்னாடிதானே" என்றாள் மாமியார்.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேன். கோவத்துலதான் கத்திய எடுத்தாரு. அவ பிடுங்கிட்டா. அப்புறம் குத்தினாரு."

"அவங்க பிடுங்கிட்டாங்கன்னா இவரு எதை வெச்சுக் குத்தினாரு?"

"அதைத்தான்."

"அது எப்படி இவரு கைக்குத் திரும்பி வந்துச்சு?"

நான் சின்னவளைப் பார்த்தேன்.

"கொடுத்தாங்களா?"

"கொடுத்தா. ஆனா அது பழக்கம் சார். வகுப்புல அப்படித்தான் பழக்குனாங்க. அதுக்கப்புறம் இவரு அடிச்சு அடிச்சுப் பழக்குனாரு. யாரு கையை நீட்டினாலும் கொடுத்துடுவா."

இன்ஸ்பெக்டர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "ஏம்மா, கொல்ல வர்றவன் கையில கத்தியத் திருப்பிக் கொடுக்கிறதுக்கு ஒரு பழக்கமா?" மாஸ்டரைப் பார்த்து, "என்ன சார் சொல்லித் தர்றீங்க?" என்றார். மாஸ்டர் குனிந்த தலை நிமிரவில்லை. கத்தி பிடுங்கினதில் தவறே இல்லை சார் என்று ஏதோ முணுமுணுத்தார்.

"நீங்க சொல்லுங்கம்மா" என்றார் இன்ஸ்பெக்டர் சின்னவளிடம்.

அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறந்தாள். அவன் அவளைப் பார்த்தான், கோபமாகக்கூட இல்லை, பயிற்சிக் கூடத்தில் அடுத்த சுற்றுக்கு முன்னால் பார்ப்பானே, அதே மாதிரி. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"சார், நான் வேணா காட்டிடறேனே" என்றான் அவன். "எப்படிக் கை தவறுச்சுன்னு. அவ நின்னா போதும்." அவன் கை மேசையிலிருந்த ரப்பர் கத்தியை நோக்கிப் போனது.

நான் முந்திக்கொண்டேன். கத்தியைப் பாய்ந்து எடுத்து என் நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். "ரப்பரா இருந்தாலும் இவரு கையில கத்தி போகக் கூடாது சார். அவ முன்னாடி போகவே கூடாது." என் குரல் எனக்கே விகாரமாகக் கேட்டது. ஒரு விளையாட்டுச் சாமானைக் கட்டிக்கொண்டு கத்துகிற பைத்தியக்காரியைப் பார்ப்பது போல எல்லோரும் பார்த்தார்கள்.

அவன் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. பொறுமையாக உள்ளங்கையை விரித்தான்.

"கொடுங்க அண்ணி."

"மாட்டேன்."

"கொடுங்க."

என் எதிரி எப்போதும் சாக்குத் துணிதான். அது கொடு என்று கேட்டதே இல்லை. நான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன். இவன் கேட்டுக்கொண்டே நிற்கட்டும், பொழுது விடியட்டும், இன்ஸ்பெக்டர் என்னையே உள்ளே தள்ளட்டும் என்று இருந்தேன்.

பக்கத்து நாற்காலி நகர்ந்தது. சின்னவள் எழுந்தாள். என் பக்கம் வந்து நிற்கிறாள் என்று நினைத்தேன்.

அவள் முன்கை என் கையை வெளியே தள்ளியது. என் மணிக்கட்டு அவள் பிடிக்குள் போனது. தையல் போட்ட வயிற்றோடு ஒருத்தியால் அவ்வளவு வேகமாகச் செய்ய முடியும் என்று நான் நம்பியிருக்க மாட்டேன். முகத்தில் அடிக்க ஓங்கிய கை என் கன்னத்துக்கு ஒரு விரல் தள்ளி நின்றுவிட்டது. அக்கா என்பது அந்த இடத்தில் மட்டும் ஞாபகம் வந்திருக்கும். மணிக்கட்டைக் கட்டைவிரல் பக்கமாகத் திருப்பினாள். என் விரல்கள் தானாக விரிந்தன.

"அருமை" என்று மாஸ்டர் தன்னை மறந்து சொன்னார்.

அவள் ரப்பர் கத்தியைத் திருப்பிப் பிடித்து, கைப்பிடியை அவன் பக்கம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். அவள் தலை குனிந்தாள்.

"போதும், காட்ட வேணாம். எனக்குப் புரிஞ்சிடுச்சு" என்றார் இன்ஸ்பெக்டர், பேனாவை எடுத்துக்கொண்டே.

பயிற்சியில் கை தவறியது என்று அவர் எழுதி முடித்ததும் சின்னவளை அவன் கூட்டிக்கொண்டு போனான். படியிறங்கும்போது அவள் கையிலிருந்த பையை வாங்கக் கையை நீட்டியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். காதுப் பிடி அவன் பக்கம் இருக்கும்படி அவள் கொடுத்தாள். நான் என் மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டு அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தேன்.